மரக்கணக்கில் வராத காடு



காடுகளைக் காக்க வேண்டியதன் அவசியம் பற்றி நான் பேசுவதாக அழைப்பிதழில் போட்டிருக்கிறது. காட்டைக் காக்க வேண்டாம் என்று சொல்லக்கூடியவர் இந்த அரங்கில் ஒருவரும் இருக்க மாட்டார். எல்லோரும் ஒப்புக்கொண்டதையே ஒரு மணி நேரம் திருப்பிச் சொன்னால் உங்களுக்கும் அலுப்பு, எனக்கும் அலுப்பு. அதனால் சிலருக்காவது நெருடக்கூடிய இடத்திலிருந்து தொடங்குகிறேன். நீலகிரியின் உச்சிக் காடுகளுக்கு நேர்ந்த பெரிய சேதங்களில் ஒன்று, மரம் நட்டதால் நேர்ந்தது. நல்லெண்ணத்தோடு, அரசுப் பணத்தில், திட்டம் போட்டு நட்டார்கள்.

இதை ஏன் கோபிச்செட்டிபாளையத்தில் வந்து சொல்கிறேன் என்றால், அதன் பலன் உங்கள் வாய்க்காலில்தான் வந்து சேர்கிறது. பவானி, மேல்பவானிப் பக்கம் பிறந்து மேற்கே இறங்குகிறது. கேரளத்து அட்டப்பாடிக்குள் போய் சிறுவாணியைக் கூட்டிக்கொண்டு மறுபடி தமிழ்நாட்டுக்குள் திரும்புகிறது. பில்லூர்ப் பக்கம் குந்தா ஆறும், மேட்டுப்பாளையம் பக்கம் குன்னூர் ஆறும், பவானிசாகரில் மாயாறும் வந்து சேர்கின்றன. 32.8 டி.எம்.சி. கொள்ளும் அந்த அணையை நம்பிக் கீழ்பவானியில் மட்டும் 2 லட்சம் ஏக்கருக்கு மேல் இருக்கிறது. தடப்பள்ளி, அரக்கன்கோட்டை, காலிங்கராயன் என்ற பழைய வாய்க்கால்கள் தனி. கோவையின் குடிநீரில் பெரும்பங்கு பில்லூரிலிருந்து போகிறது. இத்தனைக்கும் தலைமடை, நீலகிரி உச்சியில் இருக்கிற சில நூறு சதுர கிலோமீட்டர் சோலையும் புல்வெளியும்தான்.

அங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டித் தீர்க்கும். அவலாஞ்சி, மேல்பவானிப் பகுதிகள் தமிழ்நாட்டிலேயே அதிகம் நனையும் இடங்கள். பிறகு வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம். ஜனவரிக்குப் பிறகு ஏப்ரல் வரை பெரிய மழை ஏதும் கிடையாது. ஆனால் பிப்ரவரியில் போய்ப் பாருங்கள், மலை மடிப்புகளில் எல்லாம் ஓடை ஓடிக்கொண்டிருக்கும். மழை நின்று இரண்டு மாதம் கழித்து ஓடுகிற அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? காடு ஏன் வேண்டும் என்ற கேள்விக்கு நான் சொல்லப்போகிற பதில் முழுவதும் இந்தப் பிப்ரவரித் தண்ணீரைப் பற்றியதுதான்.

முக்கூர்த்திப் பக்கம் நடந்தவர்களுக்குத் தெரியும், அந்தக் காடு தொடர்ச்சியாக இருக்காது. மலையின் முதுகெல்லாம் புல். மடிப்புகளிலும் ஓடைக் கரைகளிலும் மட்டும் அடர்ந்து, வெளியிலிருந்து பார்த்தால் கத்தரித்து விட்டதுபோலத் திட்டுத் திட்டாகச் சோலை. சோலைக்குள் நுழைந்தால் வெயில் சட்டென்று விட்டுவிடும். மரங்கள் உயரமில்லை. நாவல் இனத்து மரங்கள், காட்டுச் செண்பகம், இலவங்க இனங்கள், எல்லாம் காற்றுக்கு முறுக்கிக்கொண்டு நிற்கும். தண்டு தெரியாதபடி பாசி. கையால் அழுத்தினால் பாசியிலிருந்து தண்ணீர் வழியும். தரையில் பாதி மக்கிய இலை கணுக்கால் வரை உள்ளே வாங்கும். மழை பெய்யாத நாளிலும் மேகம் உள்ளே புகுந்து இலை நுனிகளில் சொட்டிக்கொண்டிருக்கும்.

சோலையை விட்டு வெளியே வந்து புல்லில் நின்றால், ‘காடு முடிந்துவிட்டது’ என்றுதான் தோன்றும். வெள்ளைக்காரர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. உண்மையில் தண்ணீர்க் கணக்கில் பெரிய பங்கு இங்கேதான் நடக்கிறது. அந்தப் புற்கள் கொத்துக் கொத்தாக நிற்பவை. கொத்தின் அடியில் கறுப்பு மண், விரலை விட்டால் குளிரும். சரிவில் விழும் மழையைப் புல்லின் தூர் உடைத்து, நிறுத்தி, மண்ணுக்குள் அனுப்புகிறது. மண்ணுக்குள் போனது மெல்ல இறங்கி, மடிப்பில் உள்ள சதுப்பில் தேங்கி, சோலை வழியாக ஓடையாகிறது. பாசனக்காரர்களுக்குச் சொன்னால் எளிதில் புரியும்: மலை தன் மடையைத் தானே திறந்து, தானே மூடி, ஆறு மாதம் முறை வைத்து விடுகிறது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்தப் புல்லுக்குத் தாகம் குறைவு. வேர் ஆழம் போகாது. குளிர்காலத்தில் உறைபனியில் காய்ந்து சும்மா கிடக்கும். தான் குடிக்காமல் கீழே விட்டுவிடுகிறது. இந்த ஒரு குணத்தை மறந்ததுதான் பின்னால் வந்த எல்லாக் கோளாறுக்கும் காரணம்.

1819இல் கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவன் மலை ஏறினார். அடுத்த சில ஆண்டுகளில் உதகையில் வீடும் ஏரியும் வந்தன. ஊர் வளர்ந்ததும் குளிருக்கு விறகு வேண்டியிருந்தது, பட்டாளத்துக்கு விறகு வேண்டியிருந்தது. சோலைகளை வெட்டினார்கள். விறகு தீர ஆரம்பித்ததும் ஆஸ்திரேலியாவிலிருந்து தைல மரமும் சீகையும் வந்தன. மலைமேல் தைல மரத்தைக் கற்பூர மரம் என்பார்கள். சீகை என்றால் நம் தலைக்குத் தேய்க்கிற சீகைக்காய்க் கொடி அல்ல, வாட்டில் என்கிற அக்கேசியா மரம். இரண்டும் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே வந்துவிட்டன. சும்மா கிடக்கிற புல் நிலம்தானே என்று அதில் நட்டார்கள். சும்மா கிடக்கவில்லை, மலையின் ஆதிவாசிகளான தோடர்களின் எருமைகள் அதில் மேய்ந்துகொண்டிருந்தன. இதில் சல்லிவனுக்கு ஒரு நியாயம் செய்துவிட வேண்டும். அந்த நிலம் தோடர்களுக்குச் சொந்தம் என்று மேலதிகாரிகளோடு மல்லுக்கு நின்ற மனிதர் அவர்.

வெள்ளையர் காலத்தோடு இது முடிந்திருந்தால் பாதிப்பு சின்னது. பெரிய அளவில் நட்டது சுதந்திரத்துக்குப் பிறகு நாம்தான். தோல் பதனிடச் சீகைப் பட்டை வேண்டும், அதை வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தோம். செயற்கைப் பட்டு நூலுக்கு மரக்கூழ் வேண்டும், பவானிக் கரையில் சிறுமுகையில் அதற்கு ஆலை வந்தது. 1950களிலிருந்து 80கள் வரை நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளி புல்வெளியாகச் சீகையும் கற்பூரமும் நடப்பட்டன. ஆற்றின் தலையில் புல்லை எடுத்து மரம் வைத்து, அந்த மரத்தை ஆற்றின் நடுவில் கூழாக்கி, கழிவை அதே ஆற்றில் விட்டோம். ஆலை மூடியாகிவிட்டது. மரம் மட்டும் மலையில் நிற்கிறது.

வெற்றுப் புல்லைக் காட்டாக்கினால் நல்லதுதானே என்ற எண்ணத்துக்கு அன்று ஒரு கல்வித் துணையும் இருந்தது. மலை முழுக்க ஒரு காலத்தில் சோலை இருந்தது, ஆதிவாசிகள் தீ வைத்து வைத்துத்தான் புல்லாயிற்று என்று பலர் எழுதினார்கள். அது சரியா என்று பார்க்க வழி, உதகைக்குப் பக்கத்தில் சாண்டிநல்லா சதுப்பில் கிடைத்தது. அங்கே மக்காமல் படிந்து கிடக்கும் கரி மண்ணை ஆழம் ஆழமாக எடுத்து, ஆர். சுகுமார், ஆர். ரமேஷ் முதலான ஆய்வாளர்கள் அதிலுள்ள கார்பனைச் சோதித்தார்கள். வெப்பமண்டலப் புல்லும் மரமும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் விதம் வேறு, அதனால் அவை விட்டுப்போகும் தடமும் வேறு. 1993இல் அந்த முடிவு வெளியானது. கடந்த 20,000 ஆண்டுகளில் காலநிலை ஈரமாகும்போது சோலை விரிந்திருக்கிறது, வறளும்போது புல் விரிந்திருக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று இடம் கொடுத்து வாங்கிக்கொண்டே வந்திருக்கின்றன. ஆக, புல்வெளி யாரோ காட்டை அழித்ததால் வந்த மிச்சம் அல்ல. சோலை மரக் கன்றுகள் ஏன் தாமாகப் புல்லுக்குள் பரவுவதில்லை என்பதற்கும் காரணம் உண்டு. டிசம்பர், ஜனவரி இரவுகளில் திறந்த வெளியில் உறைபனி விழும், கன்றுகள் கருகும். சோலைக்குள் அந்தக் குளிர் எட்டாது. சீகைக்கோ அந்தப் பனி ஒரு பொருட்டல்ல.

சரி, மரம் வைத்ததால் தண்ணீருக்கு என்ன ஆயிற்று? இதை வாய்ப்பேச்சாக விடாமல் அளந்து பார்த்திருக்கிறார்கள். உதகையில் உள்ள மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தார் கிளென்மார்கனில் அருகருகே இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டிலும் புல், சதுப்பு, கொஞ்சம் சோலை. 1968 முதல் இரண்டின் வாயிலும் தண்ணீர் அளவை எடுத்து, எது எப்படி ஓடுகிறது என்று முதலில் தெரிந்துகொண்டார்கள். 1972இல் ஒன்றில் மட்டும் 59 விழுக்காட்டுப் பரப்பில் தைல மரம் நட்டார்கள். மற்றதைத் தொடவில்லை. பத்தாண்டு ஓடியது. மரம் வைத்த பக்கம் ஆண்டு நீர்வரத்து சராசரியாக 16 விழுக்காடு குறைந்திருந்தது. வெட்டிவிட்டு, அடிக்கட்டையிலிருந்து துளிர்த்த இரண்டாம் சுற்றில் குறைவு ஏறக்குறைய 25 விழுக்காடு. பழைய வேர் ஆழத்தில் தயாராக இருக்க, புதுத் துளிர் முழு வேகத்தில் உறிஞ்சும் அல்லவா! ஆண்டு மொத்தத்தைவிடக் கவலை தருவது, மழையில்லாத மாதங்களின் ஒழுக்கு அதைவிட மோசமாகச் சரிந்ததுதான். நான் முதலில் கேட்டேனே, பிப்ரவரித் தண்ணீர், அது.

இந்த ஆய்வு வெளியாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. நம் ஊர் மேடைகளில் அதை யாராவது எடுத்துச் சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? மரம் நடுவது பற்றி எத்தனை கூட்டம் கேட்டிருப்பீர்கள்!

தவறாக எண்ணிவிடக் கூடாது. சமவெளியில், உங்கள் வரப்பில், பள்ளிக்கூட வளாகத்தில் வேம்பும் புங்கனும் நடுவதை நான் குறை சொல்லவில்லை, இன்னும் நடுங்கள். தைல மரத்தைப் பேயாக்கவும் எனக்கு விருப்பமில்லை. அதன் இலையைக் காய்ச்சித் தைலம் இறக்கிப் பிழைத்த குடும்பங்கள் மலையில் உண்டு. சோலையிலிருந்து விறகு வெட்டுவதை அது ஓரளவு தடுத்ததும் உண்மை. எங்கே எது என்பதுதான் பேச்சு.

பழனி மலையின் கதையும் இதேதான். செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018இல் ஒரு ஆய்வு வந்தது. நாற்பதாண்டுக்குள் அங்கிருந்த உச்சிப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. போன இடத்தில் பெரும்பாலும் சீகை, பைன், கற்பூரம், பிறகு காய்கறி. கொடைக்கானலுக்குப் போகிற சுற்றுலாக்காரர் பைன் தோப்பில் நின்று படம் எடுத்துக்கொண்டு, ‘என்ன காடு!’ என்று வியந்து திரும்புகிறார். அந்தத் தோப்புக்குள் குனிந்து பார்த்தால் ஊசியிலைச் சருகைத் தவிர வேறொன்றும் அதிகம் முளைத்திருக்காது. சீகைத் தோப்பும் ஏறக்குறைய அப்படியே. வரையாட்டுக்கு அங்கே வேலையில்லை. அது திறந்த புல்லில் மேய்ந்து, ஆபத்து வந்தால் பாறைக்குத் தாவுகிற பிராணி. நம் மாநில விலங்கு என்று அதை அறிவித்திருக்கிறோம், அதன் மேய்ச்சலில் மரம் நட்டவர்களும் நாமே. குறிஞ்சியும் அந்தச் சரிவுகளில்தான் பூக்கும். 2018இல் பூத்தது, 2030இல் பூக்க வேண்டும்.

இத்தனையும் தெரிந்த பின்னும் புல்வெளிக்கு ஏன் மதிப்பில்லை? எண்ணுகிற முறையில் இருக்கிறது கோளாறு. இந்திய வன அளவாய்வு நிறுவனம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடும் அறிக்கையில், ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட எந்த நிலமும் 10 விழுக்காட்டுக்கு மேல் மரநிழல் இருந்தால் வனப்பரப்பில் சேரும். யார் நிலம், என்ன மரம் என்ற கேள்வியே இல்லை. பொள்ளாச்சித் தென்னந்தோப்பு அந்தக் கணக்கில் வனப்பரப்பு. முக்கூர்த்திப் புல்வெளியில் மரமில்லை, ஆகவே அது வனப்பரப்பு அல்ல. 2023ஆம் ஆண்டு அறிக்கைப்படி நாட்டில் வனமும் மரமும் சேர்ந்து 25.17 விழுக்காடு என்று செய்தி வந்தபோது எல்லோரும் மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சிக்குள் எவ்வளவு தென்னை, எவ்வளவு ரப்பர், எவ்வளவு சீகை என்று அந்த ஒற்றை எண்ணிலிருந்து தெரியாது.

நம் மாநிலத்தின் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 23.7 விழுக்காட்டை 33 ஆக்க வேண்டும் என்று 2022இல் புறப்பட்டது. 33 என்ற இலக்கு 1988ஆம் ஆண்டு தேசிய வனக் கொள்கையிலிருந்து வருவது. இலக்கு நல்லது. ஆனால் விழுக்காடு ஏற வேண்டும் என்ற அவசரத்தில் ஒரு வனச்சரகர் புல்வெளியைப் பார்க்கும்போது அவர் கண்ணுக்கு அது காலி இடமாகத் தெரிந்துவிடக் கூடாது. நல்லவேளை, அதே 2022இல் அயல் தாவரங்களை அகற்றவும் இயற்கை வாழிடங்களை மீட்கவும் தனிக் கொள்கை ஒன்றையும் அரசு வெளியிட்டது. ஒரு கை நட, ஒரு கை பிடுங்க, இரண்டும் ஒன்றுக்கொன்று பேசிக்கொண்டால் சரி.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. எது காடு என்று நாடு முழுவதும் கேட்க வைத்த வழக்கு நம் கூடலூரிலிருந்துதான் போனது. அங்கே மரம் வெட்டப்படுவதைப் பார்த்துப் பொறுக்காமல், நிலம்பூர் கோவிலகத்து டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12ஆம் தேதி உத்தரவில், பதிவேட்டில் வனம் என்று இருந்தாலும் இல்லாவிட்டாலும், பொதுவழக்கில் காடு என்று கொள்ளத்தக்க நிலத்துக்கும் 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் என்று நீதிமன்றம் சொன்னது. 2023 திருத்தம் அந்த வீச்சைக் குறுக்கியது. அதை எதிர்த்து வழக்கு நடக்கிறது. அதற்குள் நான் போகவில்லை.

நிலச்சரிவு பற்றி ஒருவர் முன்பே சீட்டு அனுப்பியிருக்கிறார். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்தது. சில ஊர்களுக்கு ஒரு வருடத்தில்கூட அவ்வளவு கிடைக்காது. சரிவுகள் பல இடத்தில் பிளந்தன. காடு இருந்திருந்தால் தடுத்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன், அத்தனை மழையை எந்தக் காடும் முழுவதுமாகத் தாங்காது. ஆனால் 2009 நவம்பரில் குன்னூர், கேத்திப் பக்கம் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்களே, அங்கே போய்ப் பார்த்தால் மலையை வெட்டிய சாலை, அடைத்த ஓடை, சரிவில் அடுக்கிய வீடு என்று கதை வேறு. காட்டைக் காப்பவர்கள் காட்டால் முடியாததையும் அதன் பேரில் எழுதிவிட்டால், அடுத்த மழையில் நம் சொல் பொய்யாகும்.

மீட்பு வேலைக்கு வருகிறேன். இதில்தான் மாணவர்கள் கவனம் வேண்டும். சீகையை வெட்டினால் போய்விடும் என்பது முதல் நினைப்பு. அதன் விதை மண்ணுக்குள் ஐம்பது ஆண்டு வரை உயிரோடு கிடக்கும். மரத்தை எடுத்து வெயில் படவிட்டதும், அல்லது ஒரு தீ ஓடியதும், கீரைப் பாத்தி போட்டதுபோல் முளைத்துக் கிளம்பும். மூன்றாம் ஆண்டு வந்து பார்த்தால் முன்பு இருந்ததைவிட அடர்த்தி. கன்றைத் தூரோடு பிடுங்க வேண்டும், அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும். அரசுப் பணம் மார்ச்சில் முடிகிறது, சீகை விதைக்கு நிதியாண்டு தெரியாது. வெட்டிய மரத்துக்கு விலை உண்டு, ஆகவே வெட்ட ஆள் கிடைக்கும். கன்று பிடுங்க யார் பணம் கொடுப்பார்?

எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டுவதும் தவறு. சோலையை ஒட்டிய பழைய சீகைத் தோப்புகளின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாகவே வந்திருக்கின்றன. பறவை எச்சத்தில் விழுந்த விதை, உறைபனியில்லாத நிழல், முளைத்துவிட்டது. அங்கே கோடரியை எடுத்துக்கொண்டு போகக் கூடாது. திறந்த சரிவில், புல்லின் நடுவே இப்போதுதான் ஏறிவரும் இளம் சீகையைத்தான் முதலில் பிடுங்க வேண்டும், செலவும் குறைவு, புல் தானே மூடிக்கொள்ளும். புல் அறவே போன இடத்தில் கொத்தைப் பிரித்து நாற்றாக நட வேண்டும். மரக்கன்று வளர்க்கும் நாற்றங்கால் மாவட்டத்துக்கு எத்தனையோ உண்டு, மலைப் புல் வளர்க்கும் நாற்றங்கால்கள் விரல்விட்டு எண்ணும் அளவே. கொடைக்கானல் பக்கத்து வட்டக்கானலிலும் உதகையிலும் சிலர் இதையே தொழிலாகக் கொண்டு செய்கிறார்கள்.

இருப்பதைக் காப்பதற்கு ஒரு உதாரணம், கோத்தகிரிக்கு மேலே இருக்கும் லாங்வுட் சோலை. 116 ஹெக்டேர்தான், ஊருக்கு நடுவே அகப்பட்ட துண்டு. கீழே உள்ள ஊர்களின் குடிநீர் அதிலிருந்து வருகிறது. ஊர்க்காரர்கள் குழு வைத்துக்கொண்டு வனத்துறையோடு சேர்ந்து அதைக் காவல் காத்து வருகிறார்கள். குழாயில் தண்ணீர் வருவது எதனால் என்று தெரிந்தவர்கள் காக்கிறார்கள், அவ்வளவுதான் வேறுபாடு.

தோடர்களை விட்டுவிட்டுப் பேச முடியாது. அவர்கள் கோயில் கூரை வேய்வது சதுப்பில் வளரும் ஒருவகைப் புல்லால். சதுப்பு வற்றிய இடங்களில் அந்தப் புல் அரிதாகி, தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது. எந்தச் சதுப்பு எந்த ஆண்டில் வற்றியது, அதற்கு மேலே எப்போது மரம் வந்தது என்று அவர்களுக்கு மந்து மந்தாக, அதாவது குடியிருப்பு குடியிருப்பாகத் தெரியும். புல்வெளி மீட்புத் திட்டம் எதுவாக இருந்தாலும் அவர்கள் ஆலோசனைக் கூட்டத்தில் விருந்தினராக உட்காராமல், எங்கே தொடங்குவது என்று சொல்கிற இடத்தில் உட்கார வேண்டும். வன உரிமைச் சட்டம் 2006 அதற்கு வழியும் தந்திருக்கிறது.

கடைசியாக, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கொடிவேரி, கீழ்பவானிப் பாசன விவசாயிகளுக்கு ஒரு விண்ணப்பம். வாய்க்கால் தலைப்பில் ஒரு கன அடி குறைந்தாலும் அதிகாரி அலுவலகத்தில் போய் நிற்கத் தெரிந்தவர்கள் நீங்கள். ஆனால் உங்கள் கணக்கு அணையின் நீர்மட்டத்தில் தொடங்குகிறது. அதை மலைக்கு மேலே ஏற்றுங்கள். சீகை அகற்றும் ஓடைகள் ஒவ்வொன்றிலும், அகற்றுவதற்கு முன்பிருந்தே, பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மாதங்களில் நீரளவு எடுத்துப் பொதுவில் வைக்க வேண்டும் என்று கேளுங்கள். பக்கத்தில் தொடாத ஓடை ஒன்றையும் ஒப்பிட அளக்கச் சொல்லுங்கள், கிளென்மார்கனில் செய்ததுபோல. அளவுகோலும் ஆளும் வைக்கப் பெரிய செலவில்லை. இந்தக் கல்லூரியின் புவியியல் மாணவர்களே முறை போட்டுச் செய்யலாம். அந்தக் கணக்கு இல்லாவிட்டால், பத்து வருடம் கழித்து மேலே என்ன மாறியது என்று வனத்துறையாலும் சொல்ல முடியாது, நீர்வளத் துறையாலும் சொல்ல முடியாது, மின்வாரியத்தாலும் சொல்ல முடியாது. பழைய கதைதான், யாராவது ஒருவர் வந்து காலி இடம் என்று மறுபடி எதையாவது நட்டுவிட்டுப் போவார்.

கேள்விகளுக்கு நேரம் விட்டு அமர்கிறேன்.